பள்ளிக்கரணை பாக்கி

எதையும் பாதியில் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கணக்கு டீச்சராக இருந்த புத்தி. சேலையூரில் எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் அன்றைக்கே ஆள் வந்தாக வேண்டும். என் கணவர் நேரெதிர். பாதி படித்த பேப்பர், பாதி குடித்த காபி, பாதி சொன்ன கதை. "மிச்சம் அப்புறம், டீச்சர்" என்பார். தினமும் பீச் ஸ்டேஷன் வரை மின்சார ரயிலில் ஆபீஸ் போய்வரும் அலுப்பு என்று நினைத்தேன். ரிடையரான பிறகும் திருந்தவில்லை.

அந்த மனுஷருக்குச் சாஸ்திரமே துணைக்கு வந்தது. ஒருநாள் காலனி கோயிலில் உபன்யாசம் கேட்டுவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"கர்மான்னா பாவ புண்ணியம் மட்டும் இல்லையாம். ரெண்டு பேருக்குள்ள ஏதாவது பாக்கி இருந்தா, அதைத் தீர்க்கவே மறுபடியும் ஒண்ணா வந்து பொறப்பாங்களாம். எல்லாம் தீர்ந்துட்டா அவங்கவங்க வழியைப் பார்த்துப் போயிடுவாங்களாம்."

"திரும்பப் பொறக்கக் கூடாதுன்னுதானே எல்லாரும் கும்பிடறாங்க?"

"எனக்குப் பொறக்கணுமே."

அடுத்த சனிக்கிழமை திருநீர்மலை ஏறி, இன்னொரு பிறவி கொடு என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டும் வந்துவிட்டார். அந்த மலையில் அப்படிக் கேட்ட ஆள் இவர் ஒருவராகத்தான் இருக்கும். "எனக்கு இந்த ஒரு தடவையே போதும் சாமி, ஆளை விடுங்க" என்று பெரிய கும்பிடாகப் போட்டேன். அவர் விடவில்லை. "நீ ஏதாவது ஒண்ணே ஒண்ணு பாக்கி வை. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

சோம்பேறித்தனத்துக்குப் புதுச் சாக்கு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். சமையலறைக்குப் பின்னால் கொஞ்சம் மண்தரையும் ஒரு முருங்கை மரமும் இருந்தன. மழை வந்தால் சேறு, மழை விட்டால் கம்பளிப்பூச்சி. சிமெண்ட் போடலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம், "அது பாக்கி இருக்கட்டும்" என்பார். அந்த மண்ணுக்காக நாங்கள் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும்.

அவராக என்னிடம் கேட்டது ஒன்றுதான். மார்கழி வாக்கில் பள்ளிக்கரணை சதுப்பில் பூநாரைகள் இறங்கும். பாலத்தோரம் நின்று பார்க்கலாம். "ஒரு காலையில போய்ப் பார்த்துட்டு வரலாமா டீச்சர்?" என்று வருஷா வருஷம் கேட்பார். பக்கத்திலிருக்கும் குப்பைமேட்டை நினைத்து மூக்கைச் சுளித்து, "பார்க்கலாம்" என்பேன். எல்லாவற்றையும் உடனே முடிக்கிறவள் இதை மட்டும் தள்ளிக்கொண்டே போனேன். எனக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை. அவருடைய ஆசைதானே, எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாலில் கட்டில் போட்டோம். மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. பல்லாவரத்திலிருந்து வந்த என் நாத்தனார், அவருடைய அக்கா, கட்டிலருகே உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உசுரு எதையோ புடிச்சிகினு கீது. மண்ணாசைதான். பின்னாடி கீற அந்த மண்ணைக் கொஞ்சம் கரைச்சுக் குடும்மா. பாக்கி ஒண்ணும் இல்லன்னு உன் வாயால சொல்லு. பாவம், கஷ்டப்படாம போவட்டும்."

ஆசை தீராமல் இழுத்துக்கொண்டு கிடப்பவருக்கு அப்படி மண்ணைக் கரைத்துக் கொடுப்பது வழக்கம். இதையெல்லாம் கேலி பேசுகிற நான் அன்றைக்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அவர் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. முடியாமல் கிடக்கும் ஒன்றை முடித்துவைக்க என் கை துருதுருத்ததும் உண்மைதான். முருங்கையடி மண்ணைக் கரைத்து, துணியில் வடிகட்டி, ஸ்பூனில் அவர் உதட்டை நனைத்தேன்.

"எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேங்க. ஒரு பாக்கியும் இல்ல. நிம்மதியா போங்க."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தலை லேசாக அசைந்தது.

"பாரு, சரின்னுட்டான்" என்றார் நாத்தனார். மறுநாள் காலையில் அவர் மூச்சு அடங்கிவிட்டது.

அவர் சரி என்று தலையாட்டுவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அது சரி இல்லை. வேண்டாம் என்றுதான் சொன்னார். மறுபிறவியில் எனக்கு நம்பிக்கை வந்ததில்லை. ஆனால் நம்பிய மனுஷரிடம், ஒன்றே ஒன்று பாக்கி வை என்று கெஞ்சியவரிடம், எல்லாம் தீர்ந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பின்பக்கம் இன்னும் மண்தரையாகத்தான் இருக்கிறது.

இந்த மார்கழியில் மகள் கூப்பிட்டாள். "பூநாரை வந்திருக்காம்மா. அப்பா ஆசைப்பட்டதாச்சே, உன்னைக் கூட்டிட்டுப் போறேன்." முட்டி வலி என்று தட்டிக்கழித்தேன். நான் அன்றைக்குச் சொன்னது பொய், ஒரு பாக்கி இருக்கத்தான் செய்கிறது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

போன வாரம் துரைப்பாக்கத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போகும்போது கார் அந்தப் பாலத்தில் ஏறியது.

"அம்மா, அங்க பாரு, எவ்வளவு இருக்கு!"

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்து அவள் ரேடியோவைக் குறைத்தாள். பாலம் தாண்டும்வரை நான் திறக்கவில்லை.