பீங்கான் அடுக்குக்கு முன்னால்

எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றதே முப்பது வயதுக்கு மேல்தான். ஆனால் ஒரு சாமானைக் கையில் வாங்கினால் அதன் தரத்தை அப்போதே சொல்லிவிடுவேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துத்தான் பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டு ஆச்சி, தன் மகள் கல்யாணத்துக்குச் சாமான் பரப்பும் வேலையை என்னிடம் விட்டார்.

பெண்ணுக்குக் கொடுப்பதையெல்லாம் கூடத்தில் பரப்பி ஊருக்குக் காட்டுவது அங்கே வழக்கம். கப்பலில் வந்த பீங்கான் கோப்பைகளை என் தோள் உயரத்துக்கு அடுக்கினேன். ஒன்றுகூட உடையாமல் கல்யாணம் முடிந்தால், ரங்கூனில் தன் தம்பி நடத்தும் பீங்கான் கடைக்கு என்னை அனுப்புவதாக ஆச்சி வாக்குக் கொடுத்திருந்தார். உடைந்தால் கல்யாண வீட்டில் அபசகுனம். பிறகு அந்தத் தெருவில் நான் தலைகாட்ட முடியாது.

மூன்று நாள் மூச்சை அடக்கித்தான் நடந்தேன். எவனாவது துண்டை உதறினாலும் ஓடிப் போய் அடுக்கைப் பார்ப்பேன். மூன்றாம் நாள் மத்தியானம் எல்லோரும் பந்தியில் இருந்தார்கள். அடுக்குக்கு முன்னால் நான் மட்டும். இம்மி கோணல் இல்லை. ஒரு உதை விட்டால் என்ன என்று தோன்றியது.

யார்மேலும் கோபமில்லை. உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து, உடைத்துத் தொலைத்தால் அந்தப் பயமாவது தீருமே என்று இருந்தது. வலது கால் தரையை விட்டு எழும்பிவிட்டது. இறங்கச் சொன்னால் அது கேட்கவில்லை.

நிலைப்படியில் ஆச்சி நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் உதைத்தே இருப்பேன். என்ன செய்யப் போகிறாய் என்று மெதுவாகக் கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை.

"உடைக்கணும்போல இருக்கு ஆச்சி. என்ன நினைப்பீகளோ தெரியல."

அடுக்கையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கும் ரெண்டு நாளா அப்படித்தாம்ப்பா இருக்கு. ரெண்டு பேரும் ஒண்ணா இங்க நிக்கக் கூடாது. நீ பின்னால போயி விறகைப் பொள."

உள்ளங்கைத் தோல் உரியும்வரை பிளந்தேன்.

கல்யாணம் முடிந்தது. ஒரு கோப்பைகூட உடையவில்லை. கூலி வாங்கப் போனபோது, ரங்கூனுக்கு எப்போது கிளம்பலாம் என்று கேட்டேன். ஆச்சி சிரிக்காமல் சொன்னார்:

"உனக்குப் பீங்கான் வேண்டாம். எங்க சின்னத் தம்பியும் ரங்கூன்லதான் இரும்புக் கடை வச்சிருக்கான், அங்குட்டுப் போ. அதை உதைச்சா உன் காலுக்குத்தான் கேடு."

அப்போது முகம் செத்துப்போனது. ஆனாலும் கப்பல் ஏறினேன். எட்டு வருடத்தில் திரும்பி வந்து, காரைக்குடியில் எவன் தயவும் இல்லாமல் சொந்தமாக இரும்புக் கடை வைத்தேன். என் வீட்டில் மட்டும் இன்றுவரை பீங்கான் கிடையாது. வாங்க வக்கில்லாமல் அல்ல.