எரியக் கூடாத விளக்கு

எங்கள் வீட்டில் பேச்சுக்குத்தான் பஞ்சம்; களைப்புக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. அம்மா விடியுமுன்பே மரக்காணம் உப்பளத்துக்குப் போய், வெயில் ஏறி உப்பின் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும் வரை கூடை சுமந்துவிட்டு வருவாள். வந்ததும் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு தரையில் சாய்ந்துவிடுவாள். அப்பாவுக்குச் சென்னையில் கட்டட வேலை. எப்போதாவது வருவார், வந்தால் அவரும் தூங்குவார். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அக்கா மட்டும்தான் அந்த வீட்டில் விழித்திருந்தவள். அவளுக்கு இயற்பியல் பிடித்திருந்தது. ஒரு பாடம் ஒருவருக்குப் பிடிக்கும் என்பதையே எங்கள் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

அப்பாவுக்கு இந்தப் பிடித்தமெல்லாம் பொருட்டில்லை. ப்ளஸ் டூ முடிந்ததும் அக்கா அளத்து வேலைக்குப் போகட்டும் என்று போனில் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. அதில் தேர்வாகி மாவட்டப் போட்டிக்குப் போனால் தானே வந்து அப்பாவிடம் பேசுவதாக அக்காவின் சார் சொன்னார். அக்கா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் செய்தது எளிமையான ஒன்றுதான். ஒரு பேட்டரி, கடுகளவு எல்இடி விளக்கு, நுனி சீவிய இரண்டு ஒயர்கள். ஒயர் நுனிகளுக்கு நடுவே ஒரு பொருளை வைத்தால், அது மின்சாரத்தைக் கடத்துமா இல்லையா என்று விளக்கு சொல்லிவிடும். செம்புக் கம்பி வைத்தாள், எரிந்தது. பென்சில் கரி வைத்தாள், எரிந்தது. கடைசியாக உப்புக்கல். எரியவில்லை. அந்த எரியாத இடத்தில்தான் அவளுடைய பேச்சு முழுவதும் இருந்தது.

கேட்க ஆளில்லாததால் என்னை உட்காரவைத்து ஒத்திகை பார்ப்பாள். திடப்பொருளுக்குள் எலக்ட்ரான்கள் நினைத்த இடத்தில் இருக்க முடியாதாம். அவற்றுக்கென்று ஆற்றல் பட்டைகள் உண்டாம். கீழே இணைதிறன் பட்டை, மேலே கடத்தல் பட்டை, நடுவில் எலக்ட்ரான் தங்கவே முடியாத ஓர் இடைவெளி. செம்பில் இரண்டு பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பதால் எலக்ட்ரான்கள் இஷ்டத்துக்கு ஓடும். சிலிக்கானில் இடைவெளி சின்னது. கொஞ்சம் சூடோ வெளிச்சமோ பட்டால் சில எலக்ட்ரான்கள் தாவிவிடும். உப்பில் கீழ்ப்பட்டை நிரம்பி நெரிசலாக இருக்கும், மேலே காலி, ஆனால் தாவ முடியாத தூரம். "அதனாலதான் லைட் எரியல. புரியுதா?" என்பாள். புரிகிறது என்று தலையாட்டுவேன். ஆறாம் வகுப்புக்காரிக்கு அதைவிட மரியாதையான வழி தெரியவில்லை.

கண்காட்சிக்கு அம்மாவும் வந்தாள். அதுதான் ஆச்சரியம். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, நேராகப் பஸ் ஏறி வந்துவிட்டாள். முந்தானை முடிச்சில் ஒரு பெரிய உப்புக்கல்லைக் கொண்டுவந்திருந்தாள். உப்புப் பாத்தியில் தேடிப் பொறுக்கியது. முனை உடையாமல், கட்டம் கட்டமாக, கண்ணாடிபோல இருந்தது. வீட்டில் அடுப்புக்கு மேல் பாட்டிலில் போட்டு வைத்திருந்து கொண்டுவந்த பழைய கல்லை அக்கா எடுத்து ஓரம் வைத்தாள். அம்மாவின் கல்லை மேசை நடுவில் வைத்தாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

நடுவர் வந்தார். பெரிய உடம்பு, கழுத்தில் அட்டை, நிறைய மேசை பார்த்த அலுப்பு. அக்கா தடங்கலில்லாமல் பேசினாள். பட்டைகளைச் சொன்னாள், இடைவெளியைச் சொன்னாள். "அதனால உப்புக்கல் மின்சாரத்தைக் கடத்தாது சார்" என்று ஒயர்களை அம்மாவின் கல்லில் வைத்தாள்.

விளக்கு எரிந்தது. மங்கலாகத்தான், ஆனாலும் எரிந்தது.

ஒரே ஒருத்தி கை தட்டினாள். அம்மா. பக்கத்து மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இன்னும் பலமாகத் தட்டினாள்.

நடுவர் சிரித்தார். "எந்த ஊரும்மா?"

"மரக்காணம் சார்."

"உப்பு விளையற ஊர்லேர்ந்து வந்து உப்பைப் பத்தித் தப்பா சொல்றியே."

அக்கா ஒயர்களைக் கல்லிலிருந்து எடுத்தாள். அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னாடி, லைட்டுதான் நல்லா எரிஞ்சிச்சே? அப்புறம் ஏன் மூஞ்ச தூக்கி வெச்சிருக்க?"

"எரியக் கூடாதும்மா! எரிஞ்சா தப்பு. நீ வேற கை தட்ற."

"எரியக் கூடாதுன்னா எதுக்குடி லைட்டு வெச்ச?"

அக்கா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் அம்மா தூங்கிவிட்டாள். வளைவுகளில் அவள் தலை அக்காவின் தோளில் வந்து விழும். அக்கா நகர்த்தவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

ஊர் வந்து இறங்கியபோது மேகம் திரண்டிருந்தது. உப்புக் குவியலை மழைக்கு முன் மூடவேண்டும் என்று ஆள் வந்து கூப்பிட, அம்மா அப்படியே அளத்துக்குப் போனாள். அக்கா வீட்டுக்கு வந்ததும் அம்மா கொடுத்த கல்லை வாணலியில் போட்டு வறுத்தாள். அது படபடவென்று வெடித்துத் தெறித்தது. பெரிதாக மிஞ்சிய ஒரு துண்டை ஆறவைத்து ஒயர்களை வைத்தாள். விளக்கு எரியவில்லை. மறுபடி வைத்தாள். எரியவில்லை.

"பாத்தியா? கல்லு கடத்தல. பாத்தியிலேர்ந்து அப்படியே வந்த கல்லு, ஈரம் போகல. அந்த ஈரத்துல கரைஞ்ச உப்புதான் கடத்திச்சு. நான் சொன்னது சரி" என்றாள் என்னிடம். சரியாகச் சொன்னவள் ஏன் அழுகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் அம்மா வந்தாள். உப்புத் தண்ணீர் காயாத காலைக்கூடக் கழுவாமல் வாசற்படிக்கு உள்ளே படுத்துவிட்டாள். எனக்குப் பொழுது போகவில்லை. ஒயர்களை எடுத்துக் கண்ணில் பட்டதையெல்லாம் தொட்டுப் பார்த்தேன். கரண்டி எரிந்தது. சீப்பு எரியவில்லை. என் கை எரியவில்லை. பிறகு அம்மாவின் காலில், வெடித்து வெளுத்திருந்த குதிகாலில், இரண்டு ஒயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். விளக்கு எரிந்தது. மங்கிய வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது.

"அக்கா, அம்மா எரியுது!" என்று கத்தினேன்.

அக்கா ஓடிவந்தாள். விளக்கைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். ஒயரை வெடுக்கென்று என் கையிலிருந்து பிடுங்கினாள். அம்மா கண்ணைத் திறந்து, "இன்னா, இதுவும் எரியக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எரிஞ்சா தப்புன்னு சொன்னேனே, அது உன் மேல கோவம் இல்லம்மா" என்றாள். பிறகு ஈரத்தைப் பற்றியும், அந்த நடுவர் சிரித்ததைப் பற்றியும், தேர்வாகாததைப் பற்றியும், இனி சார் வந்து பேசப்போவதில்லை என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மா கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். முடிவில் "உம்" என்றாள்.

மறுநாள் அப்பா போன் செய்தார். கண்காட்சி என்னவாயிற்று என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது. அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னாள்:

"எரிஞ்சிச்சுங்க. நான் போயி கண்ணால பாத்தேன். அந்தப் பெரிய சாரே நின்னு பாத்தாரு. இவள காலேஜ்ல சேத்துதான் ஆவணும். அளத்துக்கு நான் ஒருத்தி போறது போதும்."

அக்கா தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். நான் பொறுக்கமாட்டாமல், "எரியக் கூடாதும்மா, அது தப்பு" என்று திருத்தப் போனேன். அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலே என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

அக்கா அடுத்த வருஷம் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறி கல்லூரிக்குப் போனாள். அம்மா இன்னும் சில வருஷங்கள் உப்பு சுமந்தாள். எனக்கோ, அன்றைக்குத் தொடையைத் தேய்த்துக்கொண்டு நின்றபோது அம்மாவை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது. முந்தின சாயங்காலம் அக்கா அவ்வளவு விளக்கமாகச் சொல்லியும், அவளுக்கு அந்தப் பாடம் கொஞ்சமும் மண்டையில் ஏறவில்லையே என்று.