புளிச்ச மண்ணும் பாதிக் கொல்லையும்

விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் கிராம சேவக் வேலையில் சைக்கிள் மிதிப்பதுகூடச் சுலபம், மண்ணைப் பற்றி நமக்கே பாதி புரிந்ததை ஊருக்கு முழுசாகப் புரியவைப்பதுதான் கஷ்டம். அனுபவித்தவர்கள் தலையாட்டுவீர்கள்.

நீலத்தாள்

அறுபதுகளில் எனக்குச் செஞ்சிப் பக்கம் வேலை. அனந்தபுரத்துக்கு அருகே கோவிந்தன் என்பவரின் மானாவாரிச் செம்மண் கொல்லையில் மணிலா, அதாவது நிலக்கடலை, செழிப்பாக வளரும். பிடுங்கினால் எல்லாம் பொக்கு, உள்ளே பருப்பே இருக்காது. இன்னொரு போகம் இப்படிப் போனால், கொல்லையை விற்றுவிட்டு மெட்ராசுக்குக் கூலி வேலைக்குப் போவதென்று முடிவோடு இருந்தார்.

மண்ணைத் தண்ணீரில் கரைத்து, புளிப்பு இருந்தால் சிவக்கும் நீலத்தாளை (லிட்மஸ்) நனைத்தேன். சிவந்தது. “மண்ணில் புளிப்பு ஏறியிருக்கிறது. சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடும்” என்றேன். அவர் ஒரு சிட்டிகை மண்ணை வாயில் போட்டார். சந்தேகம் வந்து நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு புளிப்பும் தெரியவில்லை.

அவர் கவலையோடு கேட்டார்: “எனுக்கு நாக்கு செத்துப்போச்சா சார், இல்ல உங்க தாளு கெட்டுப்போச்சா?”

வண்டிச் சுண்ணாம்பு

செஞ்சியில் காதர் பாயின் காளவாய்க்குப் போய், ஒரு வண்டி சுண்ணாம்பு வேண்டும் என்றோம். எந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க என்று கேட்டார். வீட்டுக்கு இல்லை, நிலத்துக்கு என்றேன். என்னையும் கோவிந்தனையும் மாறி மாறிப் பார்த்தார். புளிப்பு, நீலத்தாள் எல்லாம் விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இன்னும் குழம்பியது.

கடைசியில் செஞ்சிக் கோட்டை மலையைக் கைகாட்டினார்: “கோட்டைக்கு வெள்ளையடிக்கப் போறேன்னு சொல்லியிருந்தாகூட நம்பியிருப்பேன் சார்!”

பாதிக் கொல்லை

வித்தியாசம் கண்ணுக்குத் தெரியட்டும் என்று கிழக்குப் பாதியில் மட்டும் சுண்ணாம்பு தூவி உழச் சொன்னேன். மேற்குப் பாதி சும்மா கிடந்தது.

அறுவடைக்கு அதிகாரியை அழைத்து வந்தேன். ஊரே கூடியது. கிழக்கே ஒரு செடியைப் பிடுங்கினார்கள். கொத்துக்கொத்தாகக் காய், உடைத்தால் உள்ளே திரண்ட பருப்பு. கோவிந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. “இப்போ மேற்கே பாருங்க” என்று குரலை உயர்த்தினேன். அங்கேயும் அதே காய், அதே பருப்பு!

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கோவிந்தனைப் பார்த்தேன். அவர் தன் மனைவி ராசாம்பாளைப் பார்த்தார். அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: தன் வீட்டு அடுப்புச் சாம்பலையும் தெருவில் கேட்டு வாங்கிய சாம்பலையும் விதைப்புக்கு முன்பே கூடை கூடையாக மேற்கே கொட்டியிருக்கிறார். சாம்பலும் மண்ணின் புளிப்பை முறிக்கக்கூடியதுதான். ஏன் கொட்டினீர்கள் என்று கேட்டேன்.

“ஒரே கொல்லை. பாதிக்கு மட்டும் வைத்தியம் பண்ணீங்க. மீதி இன்னா சார் பாவம் பண்ணுச்சி?”

கோவிந்தன் கொல்லையை விற்கவில்லை. ஆனால் அவரைக் காப்பாற்றியது சுண்ணாம்பா, சாம்பலா, அந்த வருஷத்து மழையா என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் நான் ‘காபி சாப்பிடலாமா’ என்று எழுந்துவிடுகிறேன்.