நாலு தலை சரியாக இருந்த நாள்

ஆண்டவருடைய பிள்ளைகளாகிய உங்கள் எல்லோருக்கும் எஸ்தரின் அன்பான வணக்கம். இந்தச் சாட்சியைச் சபையில் எழுந்து நின்று சொல்லச் சொல்லிப் பாஸ்டர் மூன்று முறை கேட்டுவிட்டார். மூன்று முறையும் மைக்கைப் பிடித்து ஸ்தோத்திரம் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான், எனக்கே இந்த நிலைமை. அதனால்தான் எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை சேர்க்கும் விஷயம் ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் தக்காளித் தோட்டம். வீடும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளைகள் நாலு பேர். மூத்தவள் கிருபாவுக்கு எட்டு வயது. அடுத்தவர்கள் ஜானும் ஜீவாவும். கடைக்குட்டி சாமுவேலுக்கு அப்போது மூன்று வயது நிரம்பவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருபது அடி தூரத்தில் ஒரு பெரிய கிணறு. ஒரு பக்கம் சுவர் இடிந்து கிடந்தது. கட்ட வேண்டும், கட்ட வேண்டும் என்று நாங்களும் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

கிணற்றுப் பயத்தால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அடுப்படியில் இருந்தாலும் மாட்டுக் கொட்டகையில் இருந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துத் தலையை எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு இருந்தால் திரும்பி வேலையைப் பார்ப்பேன். “பட்டியில ஆட்ட எண்ற மாதிரி எண்றியே” என்று என் வீட்டுக்காரர் செல்வம் கிண்டல் செய்வார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அதை எழுதத்தான் கை கூசுகிறது. பிள்ளைகளை அடிப்பேன். லேசாக இல்லை. கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்துவிடுவேன். அதிலும் கிருபாவுக்குத்தான் அதிகம் விழும். நான் வேலையாக இருக்கும்போது சின்னவனைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அவன் விழுந்தால் அவளுக்கு அடி, அவன் அழுதால் அவளுக்கு அடி. எட்டு வயதுப் பிள்ளைக்கு நான் கொடுத்த வேலை அது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணீரோடு ஜெபிப்பதும் இதே நான்தான்.

போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. விடிந்ததும் தக்காளி பறிப்பு ஆரம்பித்துவிட்டோம். எங்களோடு பறிக்க வந்தவர்களில் முனியம்மா அக்காவும் ஒருவர். தன் மூன்று வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். காலையிலேயே கிருபா என்னிடம் அடி வாங்கினாள். சாமுவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று முதுகில் இரண்டு வைத்தேன். “இன்னொரு வாட்டி தம்பிய வுட்டுட்டு வந்தீன்னா தோல உரிச்சிடுவேன் பாத்துக்க” என்றேன். அவள் அழவில்லை. சும்மா தலையை ஆட்டினாள்.

பதினொரு மணிக்கு மாதேஷ் தம்பி தன் வண்டியோடு வந்தார். எங்கள் பக்கத்துத் தக்காளியைப் பாலக்கோடு மண்டிக்கு ஏற்றிப் போகிறவர் அவர்தான். இரண்டு மூன்று தோட்டங்களில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கடைசியாக எங்கள் தோட்டத்துக்கு வருவார். வண்டியை மேட்டுக்கு ஓரமாகப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்தினால் பெட்டியைத் தூக்கி ஏற்றாமல் தள்ளியே ஏற்றிவிடலாம். அன்றைக்கும் அப்படித்தான் நிறுத்தினார். லோடு ஆட்கள் டீ குடித்துவிட்டு வந்து ஏற்றினார்கள். தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டினார்கள். வண்டி கிளம்பியது.

அந்த நேரம் நான் அடுப்படி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கொட்டகை நிழலில் பிள்ளைகள் என் செல்போனைச் சுற்றிக் குனிந்துகொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சரி என்று ரசத்தைத் தாளித்தேன். களியைக் கிண்டினேன். நடுவில் இன்னொரு தடவையும் பார்த்தேன். நாலு.

தட்டை எடுத்துக்கொண்டு போய் “வாங்கடா சாப்பிட” என்று கூப்பிட்டேன். நாலு தலையும் நிமிர்ந்தன. நாலாவது தலை முனியம்மா அக்கா மகனுடையது. சாமுவுடைய பழைய சிவப்புச் சட்டையைப் போட்டிருந்தான். முந்தின வாரம் நானே கொடுத்த சட்டை.

“கிருபா, சாமு எங்கடி?”

“தெரியாதும்மா.”

வீட்டுக்குள் ஓடினேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன். மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர், செடிகளுக்கு நடுவே ஒவ்வொரு சாலாகப் பார்த்தேன். “சாமு! சாமு!” என்று கத்தினேன். பறித்துக்கொண்டிருந்த பெண்களும் கத்தினார்கள். மோட்டார் ரூமைத் தாண்டிப் போனபோது கிணற்றுப் பக்கம் அவனுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். காலையில் அங்கேதான் அவனைக் குளிப்பாட்டினேன், செருப்பு அப்போதே விட்டதாக இருக்கலாம் என்று யோசிக்கிற புத்தி அந்த நேரத்தில் எனக்கு இல்லை.

என் வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கிணற்றில் குதித்தார். பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் குதித்தார். முங்குவார்கள். தண்ணீர் அசையும். பிறகு ஒரு தலை மேலே வரும். நான் தலையைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். கையில் ஏதாவது இருக்கிறதா என்று. ஒவ்வொரு முறையும் கை வெறுமையாகத்தான் வந்தது. அது நல்லதா கெட்டதா என்றுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். “சேறு ஜாஸ்தியா கீதுங்க, அடி தெரியல” என்று அந்த அண்ணன் மூச்சு வாங்கச் சொன்னார். முனியம்மா அக்கா தன் சாமியை நினைத்து முந்தானையில் முடிச்சுப் போட்டு வேண்டிக்கொண்டார். “ஆத்தா, அந்தப் புள்ளையக் காட்டிக் குடு” என்று அவர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

நானும் ஜெபிக்க வாயைத் திறந்தேன். உபவாசக் கூட்டத்தில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஜெபிக்கிறவள் நான். ஒரு வார்த்தை வரவில்லை. “ஏசப்பா” என்பதற்கு மேல் நாக்கு புரளவில்லை. பிறகு பேரம் பேசினேன். கிணற்றுச் சுவரை நாளைக்கே கட்டுகிறேன், மாதம் முழுக்க உபவாசம் இருக்கிறேன் என்று என்னென்னவோ உளறினேன். ஒன்றும் எட்டுவதாகத் தெரியவில்லை. ஆண்டவர் கேட்கிறாரா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்போது காலையில் அடி வாங்கிவிட்டுத் தலையாட்டிய கிருபாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஏன் அந்த முகம் வந்தது என்று எனக்குத் தெரியாது. “ஆண்டவரே, நான் கெட்ட தாய். பிள்ளைகளை வளர்க்கவில்லை, மிரட்டி வைத்திருக்கிறேன். என்னைத் தண்டியும், என் பிள்ளையைக் கொடும். இனிமேல் இந்தக் கையை ஓங்க மாட்டேன்” என்று மண்ணில் முகத்தை வைத்து அழுதேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் உண்மையான ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

தலையைத் தூக்கினேன். கிணற்றைச் சுற்றி எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். ஜானும் ஜீவாவும் அழுதார்கள். கிருபா மட்டும் மோட்டார் ரூம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. எல்லோரும் கிணற்றைப் பார்க்க, அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து அவளிடம் போனேன். நான் கிட்டே போனதும் அவள் இரண்டு கையையும் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். அடிக்க வருகிறேன் என்று நினைத்துவிட்டாள். தம்பி கிணற்றில் கிடக்கிறானோ என்று ஊரே அழும் நேரத்திலும் என் மகளுக்கு என்னைப் பார்த்துத்தான் பயம்.

அவள் முன்னால் முட்டிபோட்டேன். “அம்மா அடிக்க மாட்டேன் சாமி. சத்தியமா அடிக்க மாட்டேன். தெரிஞ்சதச் சொல்லுடா.”

அவள் கையை இறக்கினாள். “கண்ணாமூச்சி ஆடுனோம்மா. தம்பிய... வண்டியில... பொட்டிக்குள்ள ஒளிச்சு வச்சேன். மேல சாக்கு போட்டேன். நீ அரிசி களையத் தண்ணி கேட்டீல்ல, வந்துட்டேன். அப்புறம் போன் பாத்துட்டு மறந்துட்டேன். பாத்தா வண்டி இல்ல.”

வண்டியின் முன்மூலையில், வேறு தோட்டத்துப் பெட்டிகளோடு ஒரு காலிப் பெட்டி இருந்திருக்கிறது. அதில் அவனைப் படுக்க வைத்துச் சாக்கால் மூடியிருக்கிறாள். அவன் அப்படியே தூங்கிவிட்டிருக்கிறான். மூடியிருந்ததால் அதுவும் முன்பே ஏற்றிய லோடு என்று நினைத்து, ஆட்கள் அதன்மேலும் சுற்றிலும் தக்காளிப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். ஒன்றுக்கு மேல் ஒன்று விளிம்பில் உட்காரும் பிளாஸ்டிக் பெட்டிகள் என்பதால் நசுங்கவில்லை. ஆனால் இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில், அத்தனை பெட்டிகளுக்கு அடியில், அந்த வெயிலில், தார்ப்பாய்க்குள் என் பிள்ளை இருக்கிறான் என்பது மட்டும்தான் தெரிந்தது.

மாதேஷுக்கு போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் சொட்டச் சொட்டக் கிணற்றிலிருந்து ஏறி வந்து பைக்கை எடுத்தார். “நான் பாத்துக்கறன், நீ போ எஸ்தரு” என்று முனியம்மா அக்கா மற்ற மூன்று பிள்ளைகளையும் இழுத்து அணைத்துக்கொண்டார். நான் பின்னால் ஏறினேன்.

அந்த ரோட்டில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அன்றைக்கு அது முடியவே இல்லை. கிணற்றில் இல்லை என்று தெரிந்தும் பயம் குறையவில்லை, கூடியது. மூச்சு இருக்குமா? வண்டி பள்ளத்தில் குதிக்கும்போது மேல் பெட்டி சரிந்தால்? மாதேஷ் மண்டிக்குப் போகாமல் ஓசூர் பக்கம் திரும்பியிருந்தால்? என் வீட்டுக்காரருடைய ஈர முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு “ஏசப்பா வண்டிய நிறுத்துங்க, ஏசப்பா வண்டிய நிறுத்துங்க” என்று அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

வழியில் ஒரு ரயில்வே கேட் உண்டு. கேட் மூடியிருந்தது. வரிசையில் மூன்றாவதாக மாதேஷின் வண்டி நின்றது.

பைக் நிற்பதற்கு முன்பே குதித்தேன். முழங்கால் சிராய்த்துக்கொண்டது. மாதேஷ் இறங்கி ஓடி வந்தார். “இன்னா ஆச்சுங்கண்ணா?” என் வீட்டுக்காரர் நேராகப் போய்க் கயிற்றை அறுத்தார். நின்றிருந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் ஏறிப் பெட்டிகளை இறக்கினார்கள். சிலது ரோட்டில் கவிழ்ந்து தக்காளி உருண்டது. மூலைப் பெட்டி தெரிந்தது. மேலே இருந்த சாக்கு சிவப்பாக நனைந்திருந்தது. நான் அலறிவிட்டேன். சாக்கை இழுத்தால், என் பிள்ளையின் முகமெல்லாம் சிவப்பு.

தக்காளிச் சாறு அது. மேல் பெட்டியில் நசுங்கிய பழம் சொட்டியிருக்கிறது.

சாமு கண்ணைத் திறந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. உதடு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்து, “அம்மா, கண்டுபுடிச்சிட்டியா?” என்றான்.

அந்த ரோட்டில், அத்தனை பேர் நடுவில், நான் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கத்திக்கொண்டே அழுதேன். யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. டாக்டர் அம்மா அவனுக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, எங்களுக்கு வயிறு நிறையத் திட்டும் கொடுத்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார். “அந்நேரத்துக்கு அந்த கேட்டு மூடி நான் பாத்ததே இல்லீங்கக்கா” என்று மாதேஷ் தம்பி இன்றுவரை சொல்கிறார். ஏதோ கூட்ஸ் வண்டி வழியில் நின்றுவிட்டதால் ஒரு மணி நேரமாக மூடியே கிடந்ததாம். தற்செயல் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். வண்டியை நிறுத்துங்க என்று கேட்டவள் நான். நின்றது.

ஆனால் கேட் மூடியது மட்டும் பதில் இல்லை. கிருபா பேசவில்லை என்றால் அந்தக் கேட்டுக்கு நாங்கள் போயே இருக்க மாட்டோம், கிணற்றைத்தான் இறைத்துக்கொண்டிருப்போம். என் மகளின் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஆண்டவர் என் கையை மடக்க வேண்டியிருந்தது. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மடியில் உட்கார வைத்து, “தப்பு அம்மா மேலதான். என்ன மன்னிச்சிடு” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவள் நம்பவில்லை. நம்புவதற்கு மாதக்கணக்கானது.

கோபம் ஒரே நாளில் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். எத்தனையோ நாள் கை தூக்கிவிடுகிறது. தூக்கிய கையோடு வெளியே போய், கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று ஜெபித்துவிட்டு வருவேன். என் வீட்டுக்காரர் “கம்பம் தேஞ்சிடப் போவுது” என்கிறார். கிணற்றுக்குச் சுவர் கட்டியாகிவிட்டது. தலையை எண்ணுவதையும் விட்டுவிட்டேன். இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நாலு குரலும் வரும்வரை நிற்கிறேன்.

போன மாதம் பாஸ்டர் குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்து இறக்கிவிட்டு, வாசலில் அவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தேன். உள்ளே தடால் என்று ஒரு சத்தம். நான் திரும்புவதற்குள் கிருபா ஓடி வந்தாள். பாவாடையெல்லாம் குழம்பு. “அம்மா, நான்தாம்மா கொட்டிட்டேன். பூரா கொட்டிட்டேன்” என்றாள். அத்தனை பேர் முன்னால், என் பக்கத்திலேயே வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். கையைத் தூக்கி முகத்தை மறைக்கவில்லை.

பாஸ்டர் அன்றைக்குத் தயிரும் ஊறுகாயும்தான் சாப்பிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அன்பானவர்களே, பிள்ளை குட்டிகளோடு திண்டாடும் தாய்மார்களே, பயத்தில் வார்த்தை வராவிட்டாலும் அவரைக் கூப்பிடுங்கள். என் உளறலையே கேட்டவர் உங்களைத் தள்ளிவிட மாட்டார். கூப்பிட்டுவிட்டு, கண்ணைத் திறந்து உங்கள் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பாருங்கள். பதிலை அவர் அந்தக் குழந்தையின் வாயில் வைத்திருக்கலாம். உங்களிடம் சொல்ல அதற்குப் பயம் இல்லாமல் இருக்க வேண்டும், அதற்காகத்தான் நான் தினமும் ஜெபிக்கிறேன். நீங்களும் ஜெபியுங்கள்.