லைட் பார்க்க உட்கார்ந்தவள்

பேய், காற்று, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் நான் கையில் இருக்கிற சீப்பைக் கூட நிறுத்த மாட்டேன். பியூட்டி பார்லர் வைத்திருக்கிறவளுக்கு இந்தக் கதைகள் எல்லாம் தினப்படிச் சோறு. நாற்காலியில் உட்கார்ந்தால் பெண்களுக்கு வாய் சும்மா இருக்காது, மாமியார் கதை முடிந்ததும் அடுத்தது புளியமரத்துக் கதைதான், நானும் உம் கொட்டிக்கொண்டே முடியை வெட்டி அனுப்பிவிடுவேன். ஒன்றைக் கூட நம்பியதில்லை. அதனால் நான் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானே எழுந்து போயிருப்பேன்.

புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு சந்தில் என் கடை. எங்கள் வீட்டுக்காரர் செந்தில் போட்டோகிராபர். கல்யாண சீசனில் வீட்டில் தங்க மாட்டார், ஆடி மாதம் வந்தால் கேமராவைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு என் உயிரை எடுப்பார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. இங்கே முடியை அழகாக செட் பண்ணிக்கொண்டு போகிற பெண், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கீரனூர் போய் இறங்குவதற்குள் எல்லாம் கலைந்துவிடுகிறது. கலைவதற்கு முன்னால் ஒரு நல்ல போட்டோ எடுத்துக் கொடுத்தால் என்ன? கடைக்குப் பின்னால் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி பண்ணினோம், கறுப்புத் துணி கட்டினோம், ஒரு ஸ்டூல் போட்டோம். நடுவில் ஒரு திரை. இந்தப் பக்கம் முடி, அந்தப் பக்கம் போட்டோ.

நன்றாகவே ஓடியது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பெண்கள், குவைத்தில் இருக்கிற புருஷனுக்கு அனுப்ப வேண்டிய மனைவிகள், காலேஜ் பிள்ளைகள் என்று வந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கீரனூர் நூர்ஜஹான் அக்கா தன் பார்லருக்கும் வாரத்தில் ஒரு நாள் வரச் சொன்னார், பிறகு திருமயத்தில் ஒரு பார்லர். நூர்ஜஹான் அக்கா கடையில் இவருக்கு டீயோடு சமோசாவும் கொடுப்பார்களாம். வீட்டுக்கு வந்து அந்தச் சமோசாவைப் பற்றி இவர் பேசுகிற பேச்சில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆமாம், நான் பொறாமைக்காரிதான், மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆனால் என் வயிற்றெரிச்சலுக்கு நிஜமான காரணம் சமோசா இல்லை. ஒவ்வொரு கஸ்டமரையும் உள்ளே அனுப்புவதற்கு முன்னால் இவர் லைட் பார்ப்பார். பின்னாலிருந்து வருகிற வெளிச்சம் முடியில் எப்படி விழுகிறது என்று பார்க்க ஒரு தலை வேண்டும். "சுமதி, லைட் பாக்கணும், வா" என்று கூப்பிடுவார். நான் போய் ஸ்டூலில் உட்காருவேன். என் முகத்தைப் பார்க்க மாட்டார், தோளையும் உச்சந்தலையையும் பார்ப்பார், ஒன்றோ இரண்டோ எடுப்பார், "சரி, எந்திரி" என்பார். நான் திரையைத் தாண்டுவதற்குள் அதை அழித்துவிடுவார். தினமும் இதுதான். பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம், கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு அவர் எடுத்து வைத்துக்கொண்டது என்று என் போட்டோ ஒன்று கிடையாது. ஊர்ப் பெண்களை எல்லாம் தேவதை மாதிரி எடுத்துக் கொடுக்கிற மனுஷன், என்னை மட்டும் எடுத்து எடுத்து அழித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை அழிக்காமல் வைத்துக்கொள்ள மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன், வாய்விட்டுக் கேட்டதில்லை.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவள் வந்தாள். சாப்பாட்டு நேரம் என்பதால் கடையில் யாரும் இல்லை. கடுகு மஞ்சளில் சாதாரணப் பருத்திச் சேலை, இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. அழகி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிற முகம் என்று சிலருக்கு இருக்குமே, அது.

"போட்டோ எடுக்குறது ஒங்க வீட்டுக்காரர்தானே?" என்றாள். வந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"ஆமாங்க. முடிக்கு என்ன பண்ணணும்?"

"நுனி மட்டும் வெட்டி விடுங்க, போதும்."

தலையை அலசி, நாலு விரற்கடை நுனியை நேராக வெட்டி, டிரையர் போட்டுக் காய வைத்தேன். நல்ல கனமான முடி, ஈரத்தில் என் கை வலித்தது. நாற்காலியில் உட்காருகிற எல்லாரும் கண்ணாடியில் தங்கள் முடியைத்தான் பார்ப்பார்கள், எவ்வளவு போகிறது, எவ்வளவு இருக்கிறது என்று. இவள் ஒரு தடவை கூடத் தன்னைப் பார்க்கவில்லை, கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

வழக்கம்போல உள்ளேயிருந்து கூப்பிட்டார், நான் போய் உட்கார்ந்து லைட் காட்டிவிட்டு வந்தேன், பிறகு அவளை அனுப்பினேன். தரையில் கிடந்த முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். சாதாரணமாக நாலைந்து கிளிக் கேட்கும், "சரிம்மா, போங்க" என்பார், முடிந்தது. அன்றைக்குக் கிளிக் சத்தம் நிற்கவே இல்லை. நடுவில் இவர் சிரிக்கிறார். பிறகு சொன்னார், "கொஞ்சம் இங்கிட்டுத் திரும்பு. ஆங், அப்படியே இரு." கவனித்தீர்களா, திரும்பு என்கிறார். பத்தாவது படிக்கிற பிள்ளை வந்தாலும் திரும்புங்க, உட்காருங்க என்றுதான் சொல்வார் அவர். யாரென்றே தெரியாத ஒருத்தியிடம் திரும்பு, இரு. துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். உள்ளே போய் எட்டிப் பார்த்தால் நான் சந்தேகப்படுகிறேன் என்று ஆகிவிடுமே என்கிற ரோஷம் வேறு.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு அம்மா வந்து பேஷியல் பற்றி விசாரித்தார்கள். பதில் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினால் உள்ளே சத்தம் இல்லை. போய்ப் பார்த்தேன், இவர் மட்டும் இருந்தார், அந்த அறையிலிருந்து பின்சந்துக்குப் போகிற கதவு லேசாகத் திறந்திருந்தது. அவள் காசு கொடுக்காமல் போனது கூட எனக்கு உறைக்கவில்லை. கடை மூடும் வரைக்கும் இவர் லேப்டாப்பில் எதையோ பார்த்துப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டில் பொறுக்க முடியாமல் அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். அவள்தான். ஸ்டூலில் உட்கார்ந்து, முடியை ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டு, கேமராவுக்குப் பின்னால் இருக்கிற ஆளை நேராகப் பார்க்கிற பார்வை.

"யாருங்க இது?"

"ஒன்னயவே ஒனக்கு அடையாளம் தெரியலையா?" என்று சிரித்தார்.

"வெளையாடாதீங்க. அந்த மஞ்சச் சேலைக்காரி யாருன்னு கேக்குறேன்."

"எந்த மஞ்சச் சேலை? இன்னைக்கி மத்தியானம் யாரும் வரலையே சுமதி. லைட் பாக்கக் கூப்புட்டேன், நீ வந்து உக்காந்தே. இன்னைக்கி என்னமோ ஒன் மொகம் அப்படி இருந்துச்சு. அழிக்க மனசு வரல."

நான் போட்ட சத்தத்தில் என் மாமியார் அடுப்படியிலிருந்து வந்தார்கள். "அத்தை, நீங்களே பாருங்க, இது யாரு?" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். "நீதான். இதுல லட்சணமா இருக்கே ஆத்தா" என்றார்கள். என்னை ஒரு நாளும் லட்சணம் என்று சொன்னவர்கள் இல்லை. என்ன கலர் சேலை தெரிகிறது என்று கேட்டேன். ஊதா என்றார்கள். நான் அன்றைக்குக் கட்டியிருந்தது ஊதா. என் கண்ணுக்கு லேப்டாப்பில் தெரிந்தது கடுகு மஞ்சள், அந்த முகம், அந்த முடி. என்னைத் தவிர வீட்டில் எல்லாருக்கும் அது நான்.

சரி, எனக்குத்தான் மூளை கலங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். படுக்கப் போகும் முன் பின்னலை அவிழ்த்தேன். கையில் முடி சீக்கிரம் முடிந்துவிட்டது. நுனியை முன்னால் இழுத்துப் பார்த்தால் நாலு விரற்கடை காணோம், கத்தரி போட்ட நுனி, ஒரு இழை ஏறாமல் இறங்காமல் நேர்க்கோடு. இந்தத் தொழிலில் இருக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தன் முதுகுப் பக்கத்து முடியைத் தானே அப்படி நேராக வெட்ட எவளாலும் முடியாது. கடையில் கத்தரி பிடிக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

அப்புறம் திருச்சியில் கண் டாக்டரிடம் கூடப் போய் வந்தேன், கண்ணில் ஒன்றும் இல்லை என்றார். பின்சந்துக் கதவுக்கு நானே தாழ்ப்பாள் வாங்கிப் போட்டேன். இவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு என் கடையில் நாற்காலிக்கு எதிரே மாட்டினார். சாம்பிள் என்று கீரனூருக்கும் திருமயத்துக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். நூர்ஜஹான் அக்கா போன் பண்ணி, "ஏம்மா சுமதி, இத்தனை நாளா இந்த மொகத்த எங்க ஒளிச்சு வச்சிருந்தே?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார், நான்தான் பட்டென்று போனை வைத்துவிட்டேன். வருகிற பெண்கள் எல்லாம் "அக்கா மாதிரியே எடுத்துத் தாங்க" என்று அதைக் காட்டினார்கள். காலையில் கடை திறந்ததும் லென்ஸ் துடைக்கிற மெல்லிசுத் துணியால் அந்தப் போட்டோவின் பிரேம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் அவர் உள்ளே போவார். நான் பக்கத்திலேயே நிற்பேன். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, அழிக்காமல் வைத்துக்கொண்டார், ஆனால் வேறொருத்தியை. அதைக் கழற்றச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். "ஒன் போட்டோ மேலயே ஒனக்குப் பொறாமையா?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடி அதைத் துடைக்கப் போய்விடுவார்.

போன மாதம் திருமயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நிச்சயம் ஆன பெண், என் கடைக்குப் புதிது. நாற்காலியில் உட்கார வைத்துத் துணியைப் போர்த்திவிட்டேன். எதிரே மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "யாருக்கா இவங்க?" என்றாள்.

எடுத்த சீப்பைக் கீழே வைத்தேன். "நல்லாப் பாரும்மா. அது நான் இல்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள், சங்கடமாகச் சிரித்தாள். "இல்லக்கா. நீங்க வேற, இவங்க வேற. மஞ்சச் சேலை கட்டிருக்காங்களே."

அப்படியே அவளைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. இத்தனை பேரில் ஒருத்தி, ஒரே ஒருத்தி நான் பார்ப்பதைப் பார்க்கிறாள், எனக்குப் பைத்தியம் இல்லை. அடுத்த பேச்சை அவள் பேசாமல் இருந்திருக்கலாம்.

"நான் வர்றப்ப உள்ள போனாங்களே, அவங்கதானே?" என்று திரைப் பக்கம் கையைக் காட்டினாள்.

நான் யாரையும் உள்ளே அனுப்பவில்லை. அப்போதுதான் காதில் விழுந்தது, கிளிக், கிளிக், கிளிக். "இங்கிட்டுத் திரும்பு" என்கிற குரல்.

இந்தத் தடவை ரோஷம் எல்லாம் பார்க்கவில்லை, போய்த் திரையை இழுத்தேன். ஸ்டூல் காலியாக இருந்தது. நான் போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. இவர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கி, காலி ஸ்டூலைப் பார்த்தார், பிறகு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்தார்.

"ஏன் புள்ள அதுக்குள்ள எந்திரிச்சுட்டே? இப்பத்தானே வந்து உக்காந்தே. இன்னும் கொஞ்ச நேரம் இரேன்" என்றார்.

அந்தக் குரலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அப்படி ஒரு கொஞ்சல், அப்படி ஒரு கெஞ்சல். கல்யாணம் ஆன புதிதில் கூட என்னிடம் அவர் அப்படிப் பேசியதில்லை. என் புருஷன் என் முகத்தைப் பார்த்து என்னிடம்தான் கொஞ்சினார், எனக்குப் பற்றி எரிகிறது என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?