மேலே மூன்று போர்வை, கீழே வெறுந்தரை

நானும் கணவரும் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்கள். போன மார்கழியில் எட்டு மாத மகளோடு ஏலகிரியில் கூடாரத்தில் தங்கினோம். குளிருமே என்று அவளுக்கு மூன்று போர்வை போர்த்தினேன். நடுராத்திரி வீறிட்டு அழுதாள். பதறித் தூக்கினால், முதுகு சில்லிட்டிருந்தது.

கணவர் கூடாரத் தரையைத் தடவிப் பார்த்தார். "குளிரு கீழருந்து ஏறுதுமா. நெய்யறப்ப தறிக்குழி சில்லுனு இருக்குதுன்னு சாக்கு போட்டுக்கினுதானே கால வைக்கிறோம்? இவள மட்டும் வெறுந்தரையில படுக்க வெச்சிட்டோமே."

இரண்டு போர்வைகளை மடித்துக் கீழே விரித்தோம். மேலே ஒன்றே போதுமாயிருந்தது. சற்று நேரத்தில் முதுகு கதகதப்பாகி, தூங்கிவிட்டாள்.

இப்போது எங்கே போனாலும், அவளைப் படுக்கவைக்கும் முன் அந்தத் தரையில் நான் ஐந்து நிமிடம் படுத்துப் பார்க்கிறேன்.