மணியனுக்கு இடமில்லை

கொச்சியில் மட்டாஞ்சேரித் தெருவிளக்குகளைப் பழுது பார்க்கிற விஸ்வேஸ்வரனுக்குக் கல்யாணமாகி, முன்நெற்றியில் முடியும் கொட்டத் தொடங்கிவிட்டது. பிராணிகளைப் பிடித்து வளர்க்கும் அந்த வீடியோ கேமை மட்டும் அவன் விட்டபாடில்லை. பள்ளிக்கூட நாளில், சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த கேமில் அவன் முதன்முதலில் பிடித்தது ஒரு நத்தை. முதுகெல்லாம் பாசி. சண்டைக்கு விட்டால் தோற்றுவிட்டு வரும். யாரும் சீந்தாத அந்த நத்தைக்கு மணியன் என்று பெயர் வைத்தான். சில வருஷத்துக்கொரு முறை புது கேம் வரும்போதெல்லாம், பழையதிலிருந்து மணியனையும் கூட்டிக்கொண்டுதான் போவான்.

"புது வீட்டுக்குப் போனா பால் காய்ச்ச வேண்டாமா?" என்று கல்யாணமான புதிதில் அவன் மனைவி மஞ்சுஷா கேலியாக அடுப்பில் பால் வைத்தாள். பால் பொங்கும் நேரம் பார்த்து மணியன் புது கேமுக்குள் நுழைந்தது. அவள் வளர்க்கும் ஆடு அம்மிணி வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து அந்தக் கேலியே வீட்டு வழக்கமாகிவிட்டது.

இந்த முறை கேம் வருவதற்கு முன்பே கம்பெனி அறிவித்துவிட்டது. எல்லாப் பிராணிகளுக்கும் இதில் இடமில்லையாம். விடுபட்டவை இணையக் கிடங்கில் பத்திரமாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாமாம். விடுபட்டவற்றில் மணியனும் இருந்தது.

"பத்திரமா இருக்குமாம்! அடைச்சு வச்சுட்டுப் பேசற பேச்சப் பாரு!" என்று விஸ்வேஸ்வரன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான்.

மஞ்சுஷாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"செத்துப் போச்சா சேட்டா?"

"இல்ல."

"ஆராச்சும் களவாண்டுட்டாங்களா?"

"இல்லடி."

"பின்னே எதுக்கு இந்தக் கோபம்?"

அவனுக்கே அது விளங்கவில்லை. சாகவுமில்லை, தொலையவுமில்லை. கூட வேலை பார்க்கும் பாண்டியராஜ், "ஒரு நத்தைக்காடா மாப்ள மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று ஏணியடியில் நின்று சிரித்தான். இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் இனி இந்தக் கேமை வாங்கமாட்டோம் என்று சபதம் போட்டார்கள். விஸ்வேஸ்வரனும் போட்டான். கேம் வந்த அன்றே வாங்கியும் விட்டான். ரோஷக்காரர்கள் பாதிப்பேர் அப்படித்தான் செய்திருப்பார்கள். மஞ்சுஷா பழக்கதோஷத்தில் பால் வைத்தாள். பால் பொங்கியது, உள்ளே போகத்தான் யாருமில்லை. அந்தப் பாலில் சாயா போட்டுக் குடித்தார்கள்.

அந்த மாதமே அவர்கள் குடியிருந்த பழைய வரிசை வீடுகளை இடிக்க முடிவாயிற்று. எல்லோருக்கும் ஏழெட்டு மாடிக் கட்டடத்தில் ஃபிளாட். ஆடு, கோழி எதுவும் மேலே ஏறக்கூடாது.

"அப்போ அம்மிணி?" என்றாள் மஞ்சுஷா. தாயில்லாத குட்டியாக வந்ததைப் பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தவள் அவள்.

மணியன் மாதிரி விடுபட்ட பிராணிகளுக்காக யாரோ எழுதிய நீளமான கண்டனத்தைப் போனில் படித்துக்கொண்டிருந்த விஸ்வேஸ்வரன் தலையைத் தூக்காமலே சொன்னான். "அக்கரையில, வைப்பின்ல உங்க அக்கா வீட்டுல விட்டுரலாம்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அம்மிணியை ஓட்டிக்கொண்டு போர்ட் கொச்சி படகுத்துறைக்குப் போனார்கள். வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் ஜங்கார் படகு அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. மஞ்சுஷா ஆட்டின் காதைத் தடவிக்கொண்டே அழுதாள். கயிறு அவன் கையில் இருந்தது.

"எதுக்குடி அழற? அங்க பத்திரமா இருக்கும். எப்ப வேணும்னாலும் போய்ப் பார்த்துக்கலாம்."

சொல்லி முடித்ததும் அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டதுபோல இருந்தது.

மஞ்சுஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குத்திக்காட்டவெல்லாம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "உங்க மணியனும் அங்க பத்திரமாத்தானே இருக்கு சேட்டா? நீங்க ஒரு தடவையாச்சும் போய்ப் பார்த்தீங்களா?"

அவன் பார்க்கவில்லை. பல முறை கிடங்கு வரை போயிருக்கிறான், திறக்க மனசு வந்ததில்லை. அதை அங்கே அப்படிப் பார்ப்பது பார்க்காமல் இருப்பதைவிட மோசமாக இருக்குமென்று தோன்றியிருந்தது.

"இல்ல" என்றான்.

ஜங்கார் கரை சேர்ந்து வண்டிகள் இறங்கின. பிறகு இந்தக் கரை வண்டிகள் ஏறின. "ஆடுமாயிட்டு கேறுந்நுண்டோ?" ஆட்டோடு ஏறுகிறீர்களா என்று ஜங்கார்க்காரர் கத்தினார். விஸ்வேஸ்வரன் கயிற்றைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், ஏறவில்லை. ஜங்கார் போய்விட்டது.

"இப்ப என்ன செய்யறது சேட்டா?"

"தெரியலயே" என்றான் அவன்.

அம்மிணி அதற்குள் வந்த வழியே திரும்பி வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தது. கயிற்றை விடாமல் அவன் அதன் பின்னால் போனான்.